சுவர்த்தாளின் தேதி

கட்டிடங்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் கல்லைப் பற்றி எழுதுகிறார்கள், மரத்தைப் பற்றி எழுதுகிறார்கள், சுதையைப் பற்றியும் எழுதுகிறார்கள். சுவர்மேல் ஒட்டிய காகிதத்தைப் பற்றி எழுதியவர்கள் குறைவு. காரணம் வெளிப்படை. ஒரு நாள் இதன்மேல் வேறொன்று ஒட்டப்படும் என்பது தெரிந்தே ஒட்டப்பட்ட பொருள் அது. நிரந்தரத்தைக் கோராத ஒரு கலை. அப்படிப்பட்டதை ஐரோப்பாவின் பழைய மாளிகைகளில் இன்று பெரும் செலவில் பாதுகாக்கிறார்கள். பாதுகாக்க முடியாததைப் பிரதி எடுத்து ஒட்டுகிறார்கள். இந்தக் காரியம் நடக்கும் விதத்தில், எழுத்தில் அக்கறையுள்ள நமக்கும் சம்பந்தமுள்ள ஒரு கேள்வி இருக்கிறதென்று நினைக்கிறேன். எது அசல், எது நகல், திரும்பிப் போவதென்றால் எந்தத் தேதிக்குத் திரும்பிப் போவது என்கிற கேள்வி.

நம் வீடுகளில் இந்த வழக்கம் வேர்கொள்ளவில்லை. பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கிறவர்கள் நாம். ஆனால் தாள்மேல் தாள் ஒட்டினால் என்ன ஆகும் என்று அறிய நாம் தெருவுக்குப் போனால் போதும். ஒரு சினிமா போஸ்டரின்மேல் இன்னொன்று, அதன்மேல் கட்சி மாநாடு, அதன்மேல் கண்ணீர் அஞ்சலி என்று பசை காய்ந்து தடித்துப்போன சுவரில் ஒரு மூலை பெயர்ந்து விழும்போது, உள்ளேயிருந்து ஏதோ பழைய நடிகையின் ஒரு கண் மட்டும் தெரியும். ஐரோப்பிய மாளிகைச் சுவரும் இந்த ஜாதிதான். அங்கே அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையில் கழிந்தவை வாரங்களல்ல, தலைமுறைகள்.

இங்கிலாந்தில் கிடைத்தவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படும் சுவர்த்தாள் 1911-ல் வெளிப்பட்டது. கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரியில் கல்லூரித் தலைவரின் இல்லத்தைப் பழுதுபார்த்தபோது, உத்தரங்களில் ஒட்டியிருந்த துண்டுகள். மரக்கட்டையில் செதுக்கிக் கறுப்பு மையில் அச்சிட்ட, மாதுளம்பழம் போன்ற ஒரு பெரிய வடிவம். அக்காலத்து வெல்வெட் துணிகளின் சித்திர வேலையைப் பின்பற்றியது. அதில் 'எச்' என்ற எழுத்தும் ஒரு வாத்தும் இருந்தன. 'கூஸ்' என்ற வாத்தின் பெயரை வைத்து, யார்க் நகரத்து அச்சுக்காரர் ஹ்யூகோ கோஸின் வேலை இது என்று ஊகித்தார்கள். காலத்தைக் காட்டிக்கொடுத்தது தாளின் பின்புறம். அச்சுக்கூடத்தில் மீந்துபோன கழிவுத் தாள்களைத் திருப்பிப்போட்டு மாதுளையை அச்சிட்டிருக்கிறார்கள். பின்புறத்தில், 1509-ல் எட்டாம் ஹென்றி பட்டத்துக்கு வந்ததைச் சொல்லும் அரசாங்க அறிவிப்பு. ஏழாம் ஹென்றியின் மறைவைப் பற்றிய ஒரு செய்யுள். ஆக, ஒரு கவிதை நானூறு வருஷங்கள் உயிர்வாழ்ந்தது, அலங்காரத்தின் முதுகாக இருந்ததால். விற்காத தொகுப்புகளைக் கட்டிலுக்கடியில் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது ஆறுதலா எச்சரிக்கையா என்று எனக்குத் தெரியவில்லை.

சுவர்த்தாளின் சரித்திரம் பெரும்பாலும் இப்படி முதுகிலிருந்துதான் எழுதப்பட்டிருக்கிறது. 1712-ல் அரசி ஆன் காலத்தில், அச்சிட்ட அல்லது வர்ணம் தீட்டிய தாளுக்குச் சதுர கெஜத்துக்கு ஒரு பென்னி வரி விதித்தார்கள். சீக்கிரமே அது ஒன்றரைப் பென்னி ஆயிற்று. 1836-ல்தான் வரி நீங்கியது. வரி கட்டியதற்கு அடையாளமாகத் தாளின் பின்புறத்தில் முத்திரை விழும். கள்ள முத்திரை போட்டவனுக்கு 1806-லிருந்து மரண தண்டனை என்று சட்டம் இருந்தது. வரிக்குத் தப்ப, வெற்றுத் தாளைச் சுவரில் ஒட்டிவிட்டு அங்கேயே ஸ்டென்சில் வைத்து வர்ணம் போட்டவர்களும் உண்டு. அரசாங்கத்தின் பேராசை, இரு நூற்றாண்டுகள் கழித்து, சரித்திரக்காரனுக்குத் தேதியாக உதவுகிறது.

காகிதத்தின் உடம்பும் தேதி சொல்லும். இங்கிலாந்தில் ஏறக்குறைய 1830 வரை, கந்தல் துணியிலிருந்து கையால் செய்த சிறு தாள்களை ஓரத்தோடு ஓரம் ஒட்டி, சுமார் பன்னிரண்டு கெஜச் சுருளாக்கி, அதன்மேல்தான் அச்சிட்டார்கள். வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் இந்த ஒட்டுகள் வரிவரியாகத் தெரியும். பிறகு யந்திரம் ஓயாமல் தள்ளிய ஒரே நீளத் தாள் வந்தது. 1839-ல் லங்காஷயரின் டார்வென் ஊரிலிருந்த பாட்டர் கம்பெனி, நீராவியால் ஓடும் உருளை அச்சுக்குக் காப்புரிமை பெற்றது. சுவர்த்தாள் தொழிலாளியின் வீட்டுக்கும் வந்தது அதற்குப் பிறகுதான். நூற்றாண்டின் பிற்பாதியில் மரக்கூழ்க் காகிதமும் வந்தது; தன்னுள்ளேயே அமிலத்தை வைத்திருக்கும் காகிதம். அதனால் பழுதுபார்ப்பவர்களுக்கு ஒரு விசித்திர அனுபவம்: அடியிலிருக்கும் 18ஆம் நூற்றாண்டுத் தாள் உறுதியாக இருக்கும், அதற்கு நூறு வருஷம் பிந்திய மேல்தாள் தொட்டால் நொறுங்கும்.

முதுகு இவ்வளவு உண்மை பேசும்போது முகம் என்ன செய்கிறது? பிறந்த நாளிலிருந்து அது வேறொன்றாகப் பாவனை செய்கிறது. வெல்வெட்டாக, பட்டாக, சலவைக்கல்லாக, சுதை வேலையாக. கம்பளி நெசவில் வெட்டி விழும் தூளைப் பசைமேல் தூவி வெல்வெட் போலச் செய்த 'ஃப்ளாக்' தாள் பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கிலப் பிரபுக்களின் வரவேற்பறைகளை நிறைத்தது. இந்தப் பாவனைகளுள் ஒன்றில் நம் கடற்கரையும் வருகிறது. சோழமண்டலக் கரையில் கையால் வரைந்து சாயம் தோய்த்த சீட்டித் துணிகள் ஐரோப்பியப் படுக்கைகளிலும் சுவர்களிலும் தொங்கின. உள்நாட்டு நெசவாளிகளின் எதிர்ப்பில் பிரான்ஸ் 1686-ல் அவற்றைத் தடைசெய்தது. இங்கிலாந்தில் 1701-லும் 1722-லும் தடைகள் அமுலுக்கு வந்தன. சீட்டியின் கொடியையும் பூவையும் தாளில் அச்சிடுவதற்குத் தடை ஏதுமில்லை, அச்சிட்டார்கள். அதே காலத்தில் சீனாவின் காண்டனில் ஐரோப்பியர்களுக்கென்றே கையால் தீட்டப்பட்ட பறவைகளும் மூங்கில்களும் கொண்ட தாளை, கிழக்கிந்தியக் கம்பெனி மூலம் வந்ததால், 'இந்தியத் தாள்' என்றார்கள். வாங்கியவனின் பூகோளம் அவ்வளவுதான்.

இந்தச் சீனத் தாள் ஒன்றுக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். லீட்ஸ் நகரத்தருகே டெம்பிள் நியூஸம் மாளிகையில், 1806-ல் வேல்ஸ் இளவரசர் ஹெர்ட்ஃபர்ட் சீமாட்டிக்குப் பரிசளித்த சீனத்தாள் இருபது வருஷங்கள் ஒட்டப்படாமல் கிடந்தது. கடைசியில் ஒட்டியபோது தாளில் பறவைகள் போதவில்லை என்று அம்மாளுக்குப் பட்டிருக்கிறது. அப்போதுதான் வெளிவரத் தொடங்கியிருந்த ஆடுபானின் அமெரிக்கப் பறவைகள் புத்தகத்தின் படங்களைக் கத்தரித்துச் சீனக் கிளைகளில் உட்காரவைத்தார். இன்று உலகத்தில் மிக அதிக விலைபோகும் புத்தகங்களில் அது ஒன்று. தூய்மைவாதி ஒருவன் அசல் சீனத் தாளை மீட்பதென்று புறப்பட்டால், முதலில் பிய்க்க வேண்டியது இந்தப் பறவைகளைத்தான். யாரும் பிய்க்கவில்லை. பறவைகள் இப்போது அந்தச் சுவரின் சரித்திரமாகிவிட்டன. இடைச்செருகல் என்று நாம் ஏளனமாகச் சொல்வது எந்தக் கட்டத்தில் மூலத்தின் பகுதியாகிறது? ஏடுகளைப் பதிப்பித்தவர்கள் இந்தக் கேள்வியை நன்றாக அறிவார்கள்.

நகலின் வழி எவ்வளவு நீளமாக இருக்க முடியும் என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் 'ஹிந்துஸ்தான்' என்ற சுவர்த்தாள். தாமஸ் டேனியலும் அவர் சகோதரர் மகன் வில்லியமும் 1786-ல் கல்கத்தாவில் வந்திறங்கியவர்கள். 1792-ல் சென்னையிலிருந்து தெற்கே வந்து திருச்சி, மதுரை, பாபநாசம், தஞ்சாவூர் என்று வரைந்துகொண்டே போனார்கள். காட்சியை ஒரு பெட்டிக்குள் ஒளியாக விழவைத்து அதன் கோடுகளைப் பின்பற்றி வரையும் காமெரா அப்ஸ்கூராவைக் கூடவே வைத்திருந்தார்கள். நாடு திரும்பி, 1795 முதல் 1808 வரை லண்டனில் 144 அச்சுப்படங்களாக வெளியிட்டார்கள். அந்தப் படங்களை ஆதாரமாக வைத்து, அல்ஸாஸ் பிரதேசத்தின் ரிக்ஸ்ஹைம் ஊரில் இருந்த ஸூபர் தொழிற்சாலைக்காக மோன்ஜான் என்ற ஓவியர் ஒரு நீண்ட இந்தியாவைத் தயாரித்தார். 1807-ல் அது வெளிவந்தது. 20 நீளத் தாள்கள், 1265 அச்சுக்கட்டைகள், 85 வர்ணங்கள். எங்கெங்கோ இருந்த கோபுரமும் மசூதியும் ஆறும் யானையும் ஒரே அடிவானத்தின் கீழ் ஒரே மாலை வெளிச்சத்தில் சேர்ந்துகொண்டன. சாப்பாட்டு அறையில் நாற்காலியைத் திருப்பாமலேயே ஒரு பிரெஞ்சுக் குடும்பம் இந்தியாவைச் சுற்றிவரலாம்.

இதை வெறும் பொய் என்று ஒதுக்குவது சுலபம். நான் கவனிப்பது வேறு. அந்தக் கட்டைகள் இன்னும் இருக்கின்றன. பிரான்ஸில் அவற்றைச் சரித்திரச் சின்னங்களாகப் பதிவுசெய்திருக்கிறார்கள். 1983-லிருந்து ரிக்ஸ்ஹைமில் சுவர்த்தாளுக்கென்றே ஒரு மியூசியம் இருக்கிறது. அதே ஊரில் ஸூபர் கம்பெனி பழைய கட்டைகளிலிருந்து இன்றும் அச்சிட்டு விற்கிறது. ஒவ்வொரு வர்ணத்துக்கும் ஒரு கட்டை. வர்ணத்தில் தோய்த்து, தாளின்மேல் இறக்கி, அழுத்தி, எடுத்து, காயவைத்து, அடுத்த கட்டை. அப்படியானால் 1807-ல் அச்சான தாள் அசல், இந்த வருஷம் அச்சான தாள் நகல் என்று எந்த அர்த்தத்தில் சொல்கிறோம்? கட்டை ஒன்று, கை அசைவு ஒன்று, கோடும் ஒன்று. மாறியது காகிதமும் காலமும்தான்.

அமெரிக்க ஜனாதிபதியின் வெள்ளை மாளிகையில் இந்தக் கேள்வி வேறு வேஷத்தில் எழுந்தது. 1961-ல் ஜாக்குலின் கென்னடி அங்கே ஒரு வரவேற்பறையில் ஸூபரின் 1834-ஆம் வருஷத்து 'வட அமெரிக்கக் காட்சிகள்' தாளை ஒட்டவைத்தார். மேரிலாண்டில் இடிக்கப்படவிருந்த ஒரு பழைய வீட்டின் சுவரிலிருந்து உரித்தெடுத்த தாள். ஒரு வீடு செத்தது, அதன் தோல் இன்னொரு வீட்டில் வாழ்கிறது. அந்த அறைக்கு அது உண்மையா? அந்த அறையில் அது முன்பு இருந்ததில்லை. அந்தத் தாளுக்கு இன்னொரு கதையும் உண்டு. 1852-ல் ஸூபர் அதே மலைகளையும் அதே நீர்வீழ்ச்சியையும் வைத்துக்கொண்டு, முன்னால் உலாவும் கனவான்களை எடுத்துவிட்டுப் போர்வீரர்களை நிறுத்தி, 'அமெரிக்க சுதந்திரப் போர்' என்று வேறொரு தாளாக விற்றது. பின்னணி மாறாமல் சரித்திரம் மாறுவது நமக்கும் பழக்கமான காட்சி.

சுவர்த்தாளைப் பற்றிப் பேசும்போது வில்லியம் மாரிஸைத் தாண்டிப் போக முடியாது. 1862-ல் ரோஜாக்கொடிப் பந்தலை வரைந்து 'ட்ரெல்லிஸ்' என்ற தன் முதல் வடிவத்தை உருவாக்கியவர். பறவைகளை நண்பர் ஃபிலிப் வெப் வரைந்துகொடுத்தார். உருளை யந்திரத்தை ஒதுக்கி, ஜெஃப்ரி கம்பெனியில் பேரிமரக் கட்டைகளால் அச்சிடவைத்தார். 1877-ல் பழைய கட்டிடங்களைக் காக்கும் சங்கத்தைத் தொடங்கியவரும் இவரே. அச்சங்கத்துக்குச் செல்லப்பெயர் 'சுரண்டாதே'. பழைய சர்ச்சுகளைப் புதுப்பிக்கிறோமென்று சாந்தைச் சுரண்டி, பிந்திய நூற்றாண்டுகள் சேர்த்ததை அழித்து, இல்லாத ஒரு ஆதி நிலையைப் படைப்பவர்களுக்கு எதிரான குரல். இன்றைக்கோ எத்தனையோ வீடுகளில் மாரிஸின் தாளை வெளிக்கொணர அதன்மேல் உள்ளவற்றைச் சுரண்டுகிறார்கள்.

மாரிஸின் பச்சைக்குள் இன்னொரு விஷயம் இருந்தது. 1775-ல் ஷீலே கண்டுபிடித்த பச்சையும், 1814-லிருந்து விற்பனைக்கு வந்த மரகதப் பச்சையும் செம்பும் ஆர்ஸெனிக்கும் சேர்ந்தவை. ஈரச் சுவரில் பூஞ்சை பூத்தால் அந்த வர்ணத்திலிருந்து ஆர்ஸெனிக் வாயு எழும்புவதை இத்தாலியின் கோஸியோ 1890-களில் காட்டினார். நெப்போலியன் செத்த ஸெயின்ட் ஹெலெனா வீட்டின் ஒரு தாள் துணுக்கிலும் ஆர்ஸெனிக் இருந்தது 1982-ல் தெரியவந்தது. அவரைக் கொன்றது அதுதான் என்று அதனால் நிரூபணமாகிவிடாது. அந்த வாயு எவ்வளவு கொடியது என்பதும் வாதத்துக்குரியது. பூச்சிலிருந்து உதிரும் தூள் விஷம் என்பதில் வாதமில்லை. மாரிஸின் ஆரம்பகாலத் தாள் ஒன்றில் ஆர்ஸெனிக் இருந்ததை 2003-ல் சோதித்து வெளியிட்டார்கள். அவர் குடும்பச் சொத்து வந்த டெவன் கிரேட் கன்ஸால்ஸ் சுரங்கம் செம்போடு ஆர்ஸெனிக்கையும் பெருமளவில் எடுத்தது. 1870-களின் முற்பகுதியில் மாரிஸ் அதன் டைரக்டர்களுள் ஒருவர். 1885-லும் ஒரு கடிதத்தில் டாக்டர்களின் பயத்தை மூடநம்பிக்கை போலத் தள்ளிவிடுகிறார்.

இதை மாரிஸைச் சிறுமைப்படுத்தச் சொல்லவில்லை. பிரதியின் பிரச்னை இங்கே ஸ்தூலமாக நிற்கிறது. அந்தத் தாளை இன்று அச்சிடுகிறவன் அதே பச்சையைக் கொண்டுவருவான். அதே பொருளைக் கொண்டுவரமாட்டான், கொண்டுவரவும் கூடாது. கண்ணுக்கு விசுவாசமாக இருக்க வேண்டுமானால் ரசாயனத்துக்குத் துரோகம் செய்தாக வேண்டும். முழு விசுவாசமான நகல் என்பதே கிடையாது. எதில் விசுவாசம், எதில் இல்லை என்று தேர்வதுதான் நகலெடுப்பவனின் வேலை. மொழிபெயர்ப்பில் கைவைத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

பாதுகாப்பவர்கள் செய்வதைக் கிட்டே போய்ப் பார்க்கலாம். ஒட்டிய பசை தண்ணீரில் இளகும். வர்ணமும் தண்ணீரில் இளகும். சீமைச்சுண்ணாம்புத் தூளும் வஜ்ஜிரமும் கலந்த டிஸ்டெம்பர்தானே. அடுக்குகளைப் பிரிக்க ஆவி காட்டினால் தாள் பிரிவதற்குள் பூ கரைந்துவிடலாம். எனவே மேலே மெல்லிய தாளை ஒட்டிப் பிடிமானம் கொடுத்து, ஈரத்தை அளந்து காட்டி, கத்தி நுழைத்து, அங்குலம் அங்குலமாகப் பிரிக்கிறார்கள். பிரிந்ததை ஜப்பானியக் காகிதத்தின்மேல் கோதுமைப் பசையால் ஒட்டி நிறுத்துகிறார்கள். முழுச் சுவரையும் இப்படிச் செய்ய யாராலும் முடியாது. பிரதிதான் எடுக்க வேண்டும் என்று ஆனால், கதவு நிலைக்குப் பின்னால், அலமாரிக்குள், கண்ணாடி மாட்டிய இடத்தில் தேடுகிறார்கள். துண்டுகளைச் சேர்த்து வடிவம் எங்கே தொடங்கித் திரும்ப வருகிறது என்று கணக்கிடுகிறார்கள். வெயில் படாத துண்டில் வர்ணம் பளிச்சென்று இருக்கும். திறந்த சுவரில் வெளுத்திருக்கும். எதை அச்சிடுவது? பளிச்சென்று அச்சிட்டால் அறையிலுள்ள திரைச்சீலையும் கம்பளமும் பிச்சைக்காரக் கோலமாகின்றன. வெளுத்ததை அச்சிட்டால் வெயிலையும் சேர்த்து அச்சிடுகிறோம். படமெடுத்து டிஜிடல் முறையில் அச்சிடும்போது, கட்டை விட்டுப்போன வர்ணத் திட்டின் நிழல்கூடத் தட்டையாக அச்சாகிறது. மேடு இல்லாத இடத்தில் மேட்டின் நிழல்.

இரண்டு ஆங்கில மாளிகைகள் இதில் எதிரெதிர்த் துருவங்கள். டெர்பிஷயரின் கால்க் ஆபியை 1985-ல் நேஷனல் டிரஸ்ட் ஏற்றபோது, பல அறைகள் பல தலைமுறைகளாகப் பூட்டிக்கிடந்தவை. தாள் உரிந்து தொங்கியது. கண்டபடியே வைப்பதென்று தீர்மானித்தார்கள். மறுபக்கம், ஸஸெக்ஸின் அப்பார்க். 1989 ஆகஸ்ட் 30-ந் தேதி அது எரிந்தது. தீப்பிடித்ததற்கு முந்தைய நாள் எப்படி இருந்ததோ அப்படியே திரும்பக் கட்டுவதென்று அதே டிரஸ்ட் தீர்மானித்து, 1995-ல் திறந்தது. ஒன்றில் சிதைவு நிறுத்தப்பட்டது, மற்றதில் அழிவு ரத்துசெய்யப்பட்டது. முதலாவதைத்தான் நேர்மையானது என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் சந்தேகமுண்டு. உரிந்து தொங்கும் தாள் மேலும் உரியாமலிருக்க அதன் பின்னால் யாரோ பசை வைக்க வேண்டியிருக்கிறது. சிதைவின் பாவனையைக் காப்பாற்றுவதும் பாவனைதான். வெல்வெட்டாகப் பாவனை செய்ததைவிடச் சற்று அதிகப் படிப்புள்ளது, அவ்வளவே. இரண்டுமே ஒரு தேதியைப் பிடித்து அதோடு காலம் முடிந்தது என்கின்றன. ஒன்று 1985 என்கிறது, இன்னொன்று 1989 ஆகஸ்ட் 29 என்கிறது.

தமிழில் 'பிரதி' என்ற சொல்லுக்கு நகல் என்றும் அர்த்தம், நாம் வாசிக்கும் எழுத்து என்றும் அர்த்தம். நம் மொழி தெரியாமல் செய்த விவேகம் என்று இதைச் சொல்வேன். ஏடெழுதியவன் ஒவ்வொருவனும் ஒரு அடுக்கை ஒட்டினான். செல்லரித்த ஏட்டைப் பெயர்த்து எழுதாமல் இருந்திருந்தால் நமக்கு எதுவும் கிடைத்திருக்காது. பெயர்த்து எழுதியதை ஆதிப் பிரதி என்று சாதித்தவர்களால் கெட்டதும் அதிகம். சுவரிலும் அப்படித்தான். நகலெடுப்பதில் அவமானமில்லை. நகலெடுத்ததோடு அடுக்குகள் முடிந்துவிட்டன என்று காட்டுவதில்தான் பொய் இருக்கிறது.

இதை உணர்ந்து வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். பழைய அடுக்குகளைப் பிய்க்காமல் சுவரிலேயே விட்டு, அவற்றின்மேல் எளிதில் கழற்றக்கூடிய ஒரு வெற்றுத் தாளை ஒட்டி, அதற்கு மேலே புதிய பிரதியை ஒட்டுகிறார்கள். பார்க்க வருபவனுக்கு வேண்டிய அறை கிடைக்கிறது. அடியில் நூற்றாண்டுகள் அப்படியே இருக்கின்றன. புதிய தாள் தன்னையும் ஒரு அடுக்காக ஒப்புக்கொள்கிறது. இதோடு இன்னொன்றும் செய்யலாம். கேம்பிரிட்ஜ் உத்தரத்துத் தாளுக்குத் தேதி கிடைத்தது அதன் பின்புறத்தில் எழுத்து இருந்ததால். பிரதியை அச்சிடுகிறவர்கள் யார் அச்சிட்டது, எந்த வருஷம், எந்தத் துண்டைப் பார்த்து என்பதைத் தாளின் முதுகில் அச்சிட்டுவிடட்டும். அறைக்குள் நிற்பவன் கண்ணில் அது படாது. நூறு வருஷம் கழித்து அதை உரிக்கிறவனுக்குப் படிக்க ஏதாவது வேண்டுமல்லவா.